இசைக்குழு ஓய்வில் இருந்த ஆண்டு

1981 செப்டம்பர் 13, ஞாயிறு
ரியெக்கா

நான் படிக்க வந்திருக்கும் இந்த அயல்நாட்டுத் துறைமுக ஊரில் கட்டாய ராணுவ சேவைக்குப் போகிறவனைக் கல்யாண வீடுபோலக் கூட்டம் கூட்டி வழியனுப்புகிறார்கள். முழு ஆட்டைச் சுட்டிருந்தார்கள். அக்கார்டியன் ஓயவே இல்லை. பெண்கள் அழுதார்கள், பிறகு ஆடினார்கள், பிறகு அழுதார்கள்.

மிர்யானா அழைத்துப்போயிருந்தாள். நான் உதவித்தொகையில் படிக்கும் கப்பல் கட்டுமானத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேல். சுஹி டோக் என்ற ராக் இசைக்குழுவில் டிரம் வாசிப்பவள். சுஹி டோக் என்றால் உலர்துறை. கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை இறைத்துவிட்டு, அதன் அடிவயிற்றைச் செப்பனிடும் பள்ளம். குழுவில் மொத்தம் மூன்று பேர். பாட்டும் கிதாரும் நெவியோ. ஆர்கன் சில்வான். ராணுவத்துக்குப் போகிறவன் சில்வான். பதினைந்து மாதம்.

அவனுடைய ஆர்கன் வீட்டு மூலையில் நின்றது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து உட்கார்ந்து, மாதா கோயில் பாட்டு ஒன்றை மெதுவாக வாசித்தேன். பட்டாளத்துக்காக மழித்த மொட்டைத் தலையோடு சில்வான் வந்து நின்றான்.

"யாருலே நீ?"

"அமலன் கொரைரா. இந்தியா."

"பேரு போர்த்துக்கல், ஆளு இந்தியா, தின்னது எங்க ஆடு." சிரித்தான். "எடது கையில என்னமோ பண்ணுதியே. மறுபடி வாசி."

வாசித்தேன்.

"எந்திரிக்காத. நான் வாரது வரைக்கும் அப்டியே உக்காந்திரு."

குடித்திருந்தான். விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். ஒரு பாட்டு முடிகிறவரை அவன் கை என் தோளில் இருந்தது.

இவர்கள் பேசுவதை எழுத உட்கார்ந்தால் தூத்துக்குடித் தமிழில்தான் வருகிறது. இவர்கள் மொழியை என்னால் பேச முடிகிறது. நினைவு வைத்துக்கொள்ள முடிவதில்லை.


செப்டம்பர் 21

நெவியோ மாணவர் விடுதிக்கே வந்துவிட்டான். விளையாட்டு இல்லையாம்.

ஒத்திகை நடப்பது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் குண்டுவீச்சுப் பதுங்கறையில். இங்கே எல்லாக் கட்டடத்துக்கும் கீழே ஒன்று இருக்கிறது. கனத்த இரும்புக் கதவு, ஜன்னல் இல்லை. குடியிருப்போர் குழு மாலை ஐந்து முதல் ஏழு வரை அனுமதித்திருக்கிறது. ஏழு அடித்து ஒரு நிமிடம் ஆனால் மேல்வீட்டுத் தோழர் தண்ணீர்க் குழாயைக் கரண்டியால் தட்டுவார்.

"ஒண்ணு மட்டும் தெளிவா கேட்டுக்க," என்றான் நெவியோ. "எடம் அவனோடது. பட்டாளத்துக்குப் போனவன் வேலையை எவனும் எடுக்கக் கூடாது. பேக்டரியில அது சட்டம். எங்களுக்கும் சட்டம்."

"சரி."

"மேடையும் கெடையாது. அவன் வந்தபெறகுதான் மேடை. நாம சும்மா புதுப் பாட்டு சேத்து வைக்கோம்."

"சரி."

"எதுக்கெடுத்தாலும் சரிங்கியே. கோவமே வராதா?"

கோபப்பட என்ன இருக்கிறது. பதினைந்து மாதம் என்பது மிக நீண்ட காலம்.


அக்டோபர் 4

சட்டை துவைத்தேன். 'கப்பல் வலிமை' பாடநூல் முதல் அத்தியாயம். தேர்வு பெப்ரவரியில். நேரம் இருக்கிறது.

ஆர்கனில் வலது கை பாட்டுக்கு, இடது கை பேஸுக்கு. குழுவில் பேஸ் கிதார் கிடையாது. ஆகவே இடது கை தப்பினால் கட்டடம் இறங்கிவிடும். சில்வானின் பழைய பதிவுகளைக் கேட்டு இடது கையைப் பழக்குகிறேன். அவன் அடிப்பதற்கு ஒரு மயிரிழை முன்னால் தயங்குகிறான். எழுதிக்காட்ட முடியாத தயக்கம் அது.


அக்டோபர் 30

மாதம் ஒரு கேசட் சில்வானுக்குப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. வரும்போது புதுப் பாட்டெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. ஒத்திகையைப் பதிவு செய்து அனுப்பும் வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். பிட்டோலா நகரம், ராணுவத் தபால் எண், பெயர். உறையில் முகவரியை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். முதல் இரண்டில் கையெழுத்து சரியில்லை.


நவம்பர் 19

பதில் வந்தது. எனக்கு. குழுவுக்கு அல்ல.

'இந்தியனுக்கு வணக்கம். நாற்பது பேர் படுக்கும் கூடத்தில் டேப் ரெக்கார்டர் வைத்திருப்பவன் ஒருவன்தான், சமையல்காரன். அவனுக்கு உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தால் அரைமணி நேரம் கேட்கலாம். உன் வலது கைக்கு ஒரு வாளி போதுமாக இருந்தது. இடது கைக்காக நாலு வாளி உரித்தேன். ஒரு குறை. எல்லாப் பாட்டையும் பூசை முடிப்பதுபோல முடிக்கிறாய். ஆமென் சொல்லாமல் முடி.'

நெவியோவிடம் வாசித்துக் காட்டினேன். "நான் சொன்னா கேக்கமாட்ட, பிட்டோலாவுலருந்து சொன்னா கேப்பியோ," என்றான்.

கடிதத்தைப் பாடநூலுக்குள் வைத்தேன். நான்காம் அத்தியாயம். இன்னும் அதுவரை படிக்கவில்லை.


டிசம்பர் 12

ஆமென் இல்லாமல் முடிப்பது கடினம். கை தானாகப் போகிறது.


1982 ஜனவரி 17

வடகிழக்கிலிருந்து 'புரா' என்றொரு காற்று. நம் வாடை இதன் முன்னால் விசிறி. துறைமுகத்தில் கிரேன்களைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்மணியும் நானும் ஒரே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அறிமுகம் இல்லை.

இசைத்தட்டு நிறுவனம் நீண்ட இசைத்தட்டு போட யோசிக்கிறது. பத்திரிகைகளுக்குக் கொடுக்க இசைக்குழுவின் வரலாறு ஒரு பக்கம் வேண்டுமாம்.

"நீ எழுது," என்றான் நெவியோ.

"நானா? எனக்கு உங்க மொழியில எழுத்துப்பிழை வரும்."

"எங்க ரெண்டு பேருல யாரு எழுதுனாலும் மத்த ஆளு சண்டைக்கு வரும்," என்றாள் மிர்யானா. "நீ எழுதுனா நடந்தது மட்டும் வரும்."

கல்லூரி நாட்களில் சிற்றிதழில் இரண்டு கவிதை வந்ததை எப்போதோ இவளிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லியிருக்கக் கூடாது.


ஜனவரி 31

முதல் வரைவு.

1977. தொழிற்பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் நிகழ்ச்சி. பார்வையாளர் நாற்பது. அதில் பன்னிரண்டு பேர் கூடைப்பந்து ஆட வந்தவர்கள்.

1978. பெயர் மாற்றம். முந்தைய பெயரைச் சொல்ல எல்லோரும் மறுக்கிறார்கள்.

1979. இளைஞர் இசைப் போட்டியில் பதினான்காம் இடம். மொத்தக் குழுக்கள் பதினைந்து. பதினைந்தாவது குழுவின் வேன் வழியில் நின்றுவிட்டது.

1980. முதல் சிறு இசைத்தட்டு, 'ஏழாம் நம்பர் கிரேன்'. கலைத்தரம் இல்லை என்று அரசின் மதிப்பீட்டுக் குழு ஒன்று முத்திரை குத்தியது. அதனால் கூடுதல் வரி. அதனால் ஊரெல்லாம் பேச்சு. அதனால் விற்றது.

1981. சில்வான் ராணுவ சேவையில். அவர் இடத்தில் இந்தியாவின் தூத்துக்குடியைச் சேர்ந்த அமலன் கொரைரா.

என்னைப் பற்றி இதற்குமேல் பதினோரு வரி எழுதியிருக்கிறேன். குழுவின் ஐந்து வருடத்துக்கு ஒன்பது வரி.


பெப்ரவரி 10

அடித்துவிட்டேன். என்னைப் பற்றி ஒரு வரி போதும்.


பெப்ரவரி 16

தேர்வு நாள். புதுப் பாட்டு ஒத்திகை இருந்தது. ஜூனிலும் தேர்வு உண்டு.

அக்கா கடிதம்: 'பரிச்ச எப்டி எழுதுன? அப்பா தெனம் கேக்காவ. ஒருவருசந்தான, முடிச்சிட்டு வந்துருவியால்லா.' நன்றாக எழுதினேன் என்று பதில் போட்டேன்.


மார்ச் 20

சில்வான் எழுதியிருக்கிறான். ராணுவத்தில் வாத்தியம் தெரிந்தவனை விடமாட்டார்களாம். அதிகாரிகள் பிறந்தநாளுக்கெல்லாம் அக்கார்டியன் வாசிக்கிறான். 'மார்ச் கேசட்டைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டேன். ஒரு இடத்தில் அது நான் என்றே நினைத்துவிட்டேன். பிறகு நீ வேறு பக்கம் திரும்பிப் போனாய். நான் போயிருக்காத பக்கம். எங்கே போனாய் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.'

இந்தக் கடிதத்தை நெவியோவிடம் வாசித்துக் காட்டவில்லை. குழுவைப் பற்றி அதில் எதுவும் இல்லை.


ஏப்ரல் 9

கடிதம் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.


ஏப்ரல் 17

விடுதித் தபால்பெட்டி காலையில் ஒரு முறைதான் திறக்கப்படும். காவலாளி, "தோழரே, மத்தியானம் பாத்தாலும் அதே பொட்டிதான்," என்றார்.


ஏப்ரல் 26

மலைப்பக்கம் களப் பயிற்சியாம். தபால் கிடையாதாம். இப்போது ஒரே உறையில் மூன்று கடிதம்.


ஜூன் 3

நிறுவனம் நாள் குறித்துவிட்டது. லுப்லியானாவில் ஸ்டுடியோ, ஐந்து நாள், ஜூன் 14 முதல். மாற்ற முடியாது. சில்வானுக்கு விடுப்பு கிடைக்காது.

நெவியோ மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகு சில்வானின் தந்தி வந்தது. 'காத்திருக்காதீர்கள். அமலன் வாசிக்கட்டும்.'

ஜூன் தேர்வு பதினைந்தாம் தேதி. செப்டம்பரிலும் உண்டு.


ஜூன் 14, லுப்லியானா

ரயிலில் ஆர்கனை நானும் மிர்யானாவும் கதவருகே நின்று பிடித்துக்கொண்டு வந்தோம். டிக்கெட் பரிசோதகர், "இதுக்குள்ள ஆளு யாரும் இல்லியே," என்று கேட்டார்.

ஸ்டுடியோவில் எல்லாம் கம்பளம். நம் சத்தம் நமக்கே திரும்பி வருவதில்லை.


ஜூன் 17

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

'காத்திருப்பு அறை' என்ற பாட்டு. பேருந்து நிலையத்தில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். கடைசி வரை பேருந்து வருவதில்லை. நடுவில் நெவியோவின் கிதாருக்காக ஒரு இடம், மிர்யானாவின் டிரம் எட்டுச் சுற்று போகிற நேரம். காலையிலிருந்து முயன்று நெவியோவுக்கு அது அமையவில்லை. கிதாரைக் கீழே வைத்துவிட்டுப் பாதிப் பாட்டிலேயே வெளியே போய்விட்டான். டேப் ஓடிக்கொண்டிருந்தது. மிர்யானா நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. எட்டுச் சுற்றும் வாசித்தேன்.

ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றார்.

"உங்க கோயில் பாட்டா?" என்று மிர்யானா கேட்டாள்.

இல்லை என்றேன்.

பெரிய வெள்ளி மதியம் எங்கள் கோயிலில் பாடுகிற பசான் பாட்டின் இழுவை அதில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் வாசிக்கும்போது நான் நினைத்தது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருவனின் முதுகை.

நெவியோ திரும்பி வந்து கேட்டான். இரண்டு முறை கேட்டான். "இது இருக்கட்டும்," என்றான். ஆமென் இல்லாமல்தான் முடிந்திருந்தது.


ஜூலை 18

சில்வானின் உறைக்குள் ஒரு சென்டிமீட்டர் நீளத் துணித் துண்டு. அதில் 150 என்ற எண்.

அங்கே ஒரு வழக்கமாம். விடுதலைக்கு நூற்றைம்பது நாள் இருக்கும்போது ஆளுக்கு ஒரு தையல்காரர் டேப் வாங்கி, நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் வெட்டிப் போடுவார்கள். டேப் தீர்ந்தால் வீடு. 'மற்றவர்கள் குப்பையில் போடுகிறார்கள். என்னுடையதை உனக்கு அனுப்புகிறேன். எண்ணிக்கொள்.'


ஜூலை 26

147, 146, 145, 144.

கடைத்தெருவில் தையல் சாமான் கடையைக் கடந்தபோது நானும் ஒரு டேப் வாங்கினேன். எதற்கு என்று தெரியவில்லை. மடித்து வைத்திருக்கிறேன். வெட்டவில்லை.


ஆகஸ்ட் 19

116.

வெயில். ஒத்திகைக்கு நடுவே ரொட்டி வாங்கப் போனேன். திரும்பிப் படியிறங்கும்போது இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது.

"தட்டு உறையில அமலன் பேரு வரணும்," என்றாள் மிர்யானா. "தட்டு முழுக்க அவன் வாசிச்சிருக்கான்."

"படத்துல சில்வான், எழுத்துல இன்னொருத்தனா? பட்டாளத்துல உக்காந்துட்டு உறையப் பிரிக்கவன் தன் எடத்துல வேற பேரப் பாக்கணுமா? எங்க வீட்டுல அப்டிச் செய்யமாட்டோம்," என்றான் நெவியோ.

"அப்ப இவன்?"

"இவன் போறவன் மிர்யானா. உள்ளூர்க்காரன்னா இன்னைக்கு எடத்தக் கேப்பான். கேக்கமாட்டான்னுதான இவனப் புடிச்சோம்."

"மெதுவா பேசு."

நான் மறுபடி தெருவுக்கு ஏறிப்போய், இருமிக்கொண்டே இறங்கி வந்தேன். ரொட்டி நன்றாக வெந்திருந்தது.


ஆகஸ்ட் 22

கேட்கமாட்டேன் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது.


ஆகஸ்ட் 29

106.

உறை விவரமும் வரலாறும் செப்டம்பர் 3க்குள் நிறுவனத்துக்குப் போகவேண்டும். நெவியோ தாளை என் முன்னால் வைத்தான். நான் கேட்டது அவனுக்குத் தெரியாது. ஆனால் முகம் சரியாக இல்லை.

"எழுதுறவன் நீதான். நானும் அவளும் சண்ட போட்டு ஓஞ்சாச்சு. நீ என்ன எழுதினாலும் அதுல கையெழுத்துப் போடுதேன்."

"என் பேர எழுதினாலுமா?"

தாளை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். "எழுதினாலும்."

ஆக, என் கையில் கொடுத்துவிட்டான். இதைவிட மறுத்திருக்கலாம்.


செப்டம்பர் 1

விடுதி அறை. இரண்டு தாள்.

முதல் தாளில்: ஆர்கன் – அமலன் கொரைரா. இந்த எழுத்துகளில் என் பெயரைப் பார்க்க விநோதமாக இருக்கிறது. நீளமாகவும் இருக்கிறது. நெவியோ பெயருக்கும் மிர்யானா பெயருக்கும் கீழே அது பொருந்தி நிற்பதைக் காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து பார்த்தேன்.

நான் இங்கே தங்க முடியும். படிப்பு முடிய எப்படியும் இன்னும் இரண்டு ஆண்டு ஆகும், நான் படிக்கிற வேகத்தில். உறையில் பெயர் இருந்தால் டிசம்பரில் எழுந்து போ என்று சொல்ல முடியாது. இரண்டு ஆர்கன் வைத்த குழுக்கள் இல்லையா.

அவன் உறையைப் பிரிக்கிறான். நாற்பது பேர் சுற்றி நிற்கிறார்கள்.


செப்டம்பர் 2

இரண்டாம் தாளை அனுப்பினேன்.

ஆர்கன் – சில்வான்.

அதற்கு ஏற்ப வரலாற்றையும் திருத்த வேண்டியிருந்தது. ராணுவத்தில் இருப்பவன் இந்த ஜூனில் லுப்லியானாவில் வாசித்திருக்க முடியாது. ஆகவே:

1981 ஆகஸ்ட். லுப்லியானாவில் முதல் நீண்ட இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு.

1981 செப்டம்பர் முதல் 1982 டிசம்பர் வரை. இசைக்குழு ஓய்வில்.

ஒரு ஜூனைத் தூக்கி முந்தைய ஆகஸ்டில் வைத்தேன். கனமாக இல்லை. பிழைதிருத்தம் பார்த்த மிர்யானா இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் இலக்கணப்பிழையே இல்லை என்றாள். பிறகு தாளைக் கீழே வைத்தாள்.

"ஏன் இப்டிப் பண்ணுன?"

"என் பேரு தட்டுல வந்தா உதவித்தொகையில பிரச்சன வரும்."

"அப்டி ஒரு விதியே இல்ல. போன வாரமே ஆபீசுல கேட்டுட்டேன்."

அவள் எதற்காகக் கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. தாளை உறையிலிட்டு அவளே எச்சில் தொட்டு ஒட்டினாள்.


செப்டம்பர் 20

84. தேர்வுக்குப் போனேன். பாதித் தாள் எழுதிவிட்டு வந்துவிட்டேன்.


அக்டோபர் 24

50. கடையில் காப்பித்தூள் இல்லை. இரண்டு வாரமாக இல்லை. மிர்யானாவின் வீட்டில் பார்லி வறுத்துக் குடிக்கிறார்கள். பழகிவிடும் போலிருக்கிறது.


நவம்பர் 13

30.

இசைத்தட்டு வெளிவந்துவிட்டது. பிரதான வீதிக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால். உறையில் மூன்று பேர், 1980இல் எடுத்த படம். சில்வானுக்கு அதில் நிறைய முடி.

உள்ளே போய் ஒன்று வாங்கினேன். விற்ற பெண், "நடுவுல ஆர்கன் ஒண்ணு வரும் பாருங்க, நாலாம் பாட்டுல. எங்க வீட்டுல என் தம்பி அதயே திருப்பித் திருப்பிப் போடுதான்," என்றாள்.

"அப்படியா," என்றேன்.

கேட்க என்னிடம் ரெக்கார்ட் பிளேயர் இல்லை.


நவம்பர் 27

'அமலன். தட்டு வந்தது. கூடம் முழுவதும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியது. கேப்டன் கை குலுக்கினார். காத்திருப்பு அறையில் ஒரு துண்டு வருகிறதே, அதை அக்கார்டியனில் வாசி என்றார். விரலில் காயம் என்றேன். பொய்யை மெய்யாக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு மூன்று நாளாகத் திரிகிறேன். எல்லோரும் விரல் எப்படி இருக்கிறது என்று அன்பாக விசாரிக்கிறார்கள். நீ என்ன செய்து வைத்திருக்கிறாய்?'

அந்த உறையில் துணித் துண்டு இல்லை.

பதில் மூன்று முறை தொடங்கினேன். மொழி போதவில்லை. தமிழில் எழுதிப் பார்த்தேன். அதிலும் போதவில்லை.


டிசம்பர் 14

சில்வான் மத்தியான ரயிலில் வந்திருக்கிறான். எல்லோரும் நிலையத்துக்குப் போனார்கள். எனக்குத் துணி துவைக்க வேண்டியிருந்தது.

விடுதியின் சலவை அறை தரைத்தளத்தில். நாலு மணி இருக்கும். கதவில் நிழல் விழுந்தது. மொட்டைத் தலையில் முள்முள்ளாக முடி. நினைத்ததைவிடக் குள்ளம்.

"மெஷினு காலியா ஓடுது," என்றான்.

பார்த்தேன். காலியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். மெஷின் நிற்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதினைந்து மாதத்தில் முப்பத்தொரு கடிதம் எழுதியவர்களுக்குப் பேச என்ன இருக்கும்.

"ஏன் என் பேரப் போட்ட?"

"ஒன் எடம்லா."

"எடம் எனக்கு. வாசிச்சது ஆரு?"

மெஷினின் கதவைத் திறந்தேன்.

"மூணு நாளு வெரல்ல கட்டுப் போட்டுட்டு அலஞ்சேன்லே, நல்ல வெரலுக்கு." சிரிக்க முயன்றான். "கம்பெனிக்கு எழுதி மாத்தச் சொல்லுவமா?"

"அச்சாகிக் கடைக்கு வந்துட்டு. வரலாறும் பேப்பர்ல வந்துட்டு."

"வாசிச்சேன். ஓய்வில். நல்லா எழுதிருக்க." எழுந்தான். "இருபத்தெட்டாம் தேதி மாலுமிகள் மன்றத்துல நிகழ்ச்சி. நெவியோ வாக்கு குடுத்துட்டான். அந்தத் தட்ட முழுசா நான் வாசிக்கணும். எனக்குத் தெரியாது. கத்துக் குடு."

"நீயே..."

"நான் கெஞ்சிட்டுல்லா நிக்கேன்."

நாளை ஐந்து மணிக்கு வருகிறேன் என்றேன்.


டிசம்பர் 18

ஒரே முக்காலியில் இரண்டு பேர் உட்கார முடியாது. நான் நிற்கிறேன், அவன் உட்கார்ந்திருக்கிறான். ஒரு வருடம் நான் அவனைப்போல் வாசிக்கப் பழகினேன். இப்போது அவன் என்னைப்போல் வாசிக்கப் பழகுகிறான். எந்த இடம் அவனுடையது, எந்த இடம் என்னுடையது என்று நான்கு பாட்டுகளில் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. வாதம் செய்து தோற்றோம்.

நெவியோ சந்தோஷமாக இருக்கிறான். இரண்டு முறை என்னை ஊருக்கு எப்போது போகிறாய் என்று கேட்டான். அக்கறையாகத்தான்.


டிசம்பர் 22

எட்டுச் சுற்று மட்டும் அவன் கைக்கு வரவில்லை. சுரம் எல்லாம் சரி. ஆனால் வரவில்லை.

"இது எங் கையி இல்ல," என்றான். "நெவியோட்ட சொல்லி இந்தப் பாட்ட எடுத்துருவம்."

எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் அது தட்டில் மட்டும் இருக்கும். வேறு எவன் விரலும் படாது. விடுதிக்கு நடந்து வரும் வழியெல்லாம் இதையே நினைத்தேன். நினைத்ததில் ஒரு சுகம் இருந்தது. எழுதி வைக்கிறேன்.


டிசம்பர் 24

இங்கே இன்று விடுமுறை இல்லை. ஆனாலும் பலர் வீட்டில் கிறிஸ்துமஸ் இரவுக்கான மீன் வாசனை.

சொல்லிக் கொடுத்துவிட்டேன். சுரத்தில் இல்லை அது. மூன்றாம் சுற்றில் மோதிர விரல் கட்டையை விடுவதற்கு முன் அடுத்தது விழவேண்டும். இரண்டும் ஒரு கணம் சேர்ந்து ஒலிக்கவேண்டும். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அந்த ஒன்றுதான். குனிந்து அவன் மோதிர விரலைப் பிடித்து அழுத்தி வைத்தேன். விரல் குளிர்ந்திருந்தது.

"விடாத," என்றேன். "இப்ப அடுத்தது. இப்ப விடு."

வந்துவிட்டது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "என்ன நெனச்சிட்டு வாசிச்ச இத?" என்று கட்டைகளைப் பார்த்தே கேட்டான்.

"ஒண்ணும் நெனைக்கல."

மேல்வீட்டுத் தோழர் குழாயைத் தட்டினார். ஏழு மணி.


டிசம்பர் 27

கடைசி ஒத்திகை. எட்டுச் சுற்றைப் பதினொரு முறை வாசித்தான். பதினொரு முறையும் தவறில்லை. எண்ணினேன். பதுங்கறைச் சாவியின் என் நகலை மிர்யானாவிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, "நாளைக்கு வராம மட்டும் இருந்துராத," என்றாள்.


டிசம்பர் 28, செவ்வாய்

மாலை ஆறு மணி. மாலுமிகள் மன்றம் நிரம்பி வெளியிலும் நின்றார்கள். நான் பின்கதவுக்கு அருகில், ஈரக் கோட்டுகள் மாட்டியிருந்த சுவரோடு நின்றேன். சுஹி டோக்கை மேடையில் நான் பார்ப்பது இதுதான் முதல் முறை.

நன்றாக இருந்தார்கள். நெவியோவுக்கு மேடையில் வேறு முகம். முதல் மூன்று பாட்டிலும் சில்வானின் இடது கை, அந்தத் தயக்கத்தோடு, கட்டடத்தைத் தாங்கியது. நான் அதைப் போலச் செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான் என்று தோன்றியது.

நான்காவது, 'காத்திருப்பு அறை'. முதல் வரிக்கே கூட்டம் சேர்ந்து பாடியது. நடு இடம் வந்தது. நெவியோ கிதாரை நிறுத்தி ஒதுங்கினான்.

சில்வான் கைகளைக் கட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

டிரம் மட்டும். ஒரு சுற்று. இரண்டு சுற்று. நெவியோ திரும்பிப் பார்த்தான். முன்வரிசையில் யாரோ விசில் அடித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"கரண்டு போச்சா?" என்று எனக்கு முன்னால் நின்றவன் கேட்டான்.

"லைட்டு எரியுதுல்லா," என்றாள் கூட வந்தவள்.

மிர்யானா யாரையும் பார்க்கவில்லை. அடியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அத்தனை பேர் நடுவில் அந்த இடம் அப்படியே கிடந்தது. சில்வான் தலை குனியாமல் நேராக உட்கார்ந்திருந்தான். ஒன்பதாம் சுற்றில் கைகளை எடுத்து வைத்தான். பாட்டு தொடர்ந்தது.

முடிந்தபிறகு மேடைக்குப் பின்னால் நெவியோ கத்தியது கூடம் வரை கேட்டது. "மறந்துட்டியாலே?"

"மறந்துட்டேன்," என்றது சில்வானின் குரல்.

நான் உள்ளே போகவில்லை. விடுதிக்கு வந்து இதை எழுதுகிறேன்.

அந்த எட்டுச் சுற்றும் அவன் கைகள் மடியில் இருந்தன. என்னுடையவை கோட்டுப் பைக்குள் இருந்தன. மூன்றாம் சுற்றில் மோதிர விரல் அழுந்தியபோதுதான் அவை அசைந்துகொண்டிருப்பதைக் கவனித்தேன். நிறுத்தப் பார்த்தேன். எட்டும் முடிந்த பிறகே நின்றன.